இன்னொரு ச. ஆவுடையப்பன்

ஆவுடையப்பன் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் இளமதி மொட்டை மாடியில் நின்று வாளியை இறக்கிக் கொடுத்தாள். சென்னையில் மென்பொருள் வேலை அவளுக்கு; லீவுக்குப் புதுக்கோட்டை வந்திருந்தாள். தொட்டிக்குள்ளிருந்து வந்த குரல் வேறு யாரோ பேசுவதுபோல் கனத்து ஒலித்தது.

"அந்த லிஸ்ட்டுல இருக்கிறது நான் இல்ல ஆத்தா."

"எந்த லிஸ்ட்டுப்பா?"

"ஒலக லிஸ்ட்டு. அது வேற ஆளு. தள்ளி நில்லு, சேறு தெறிக்குது."

வல்லத்திராக்கோட்டையில் கடலை விதைத்த குடும்பம் அவருடையது. அந்த ஊரின் முதல் எம்.இ. அவர்தான். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வெப்பவியல் நடத்தினார். முந்திரி வறுக்கும் அடுப்பில் புகையைக் குறைப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதை மேற்கோள் காட்டியவர்கள் கொஞ்சம் பேர். "அதுல பாதி எங்கிட்ட படிச்ச பயலுக" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆசிரியர்கள் எல்லோரும் இணையத்தில் ஆய்வாளர் பக்கம் திறந்தாக வேண்டும் என்று கல்லூரி உத்தரவு போட்டது. அவர் திறந்தார். கணினி வரிசையாகக் கட்டுரைகளை நீட்டி, இவை உங்களுடையவையா என்று கேட்டது. விடைத்தாள் திருத்தும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்திவிட்டார். பெரும்பாலானவை விமானப் பாகங்களைப் பற்றியவை. எழுதியவர் வெளிநாட்டில் வேலை பார்க்கும் இன்னொரு ச. ஆவுடையப்பன்.

இவருடைய தகப்பனார் சண்முகம். வெளிநாட்டில் இருப்பவருடைய தகப்பனார் சங்கரலிங்கம். தகப்பன் பெயரை ஒற்றை எழுத்தாக்கி முன்னால் போட்டுக்கொள்வது நம் பழக்கம். அந்த எழுத்துக்குப் பின்னால் இரண்டு தகப்பன்கள் இருப்பது கணினிக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு முன்னணிப் பொறியியல் ஆய்வாளர்களின் தரவரிசை ஒன்று வெளியானது. ஒருவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை எடுத்துக்காட்டினார்கள் என்பதுதான் அதன் அளவுகோல். அதில் ஆவுடையப்பன் பெயர் இருந்தது. கல்லூரி முதல்வர் மேடையில் சால்வை போர்த்தினார். மேடை ஏறும் முன்பே பட்டியலைப் பார்த்திருந்தார் ஆவுடையப்பன். அவர் பெயருக்கு நேரே வானூர்திப் பொறியியல் என்று போட்டிருந்தது. அப்படியும் சால்வைக்குக் குனிந்தார்.

மறுநாள் முதல்வர் அறைக்குப் போய்ச் சொன்னார்.

"அட்மிஷன் முடியட்டும் சார். யாரு போய்ப் பாக்கப்போறா?" என்றார் முதல்வர்.

ஆவுடையப்பன் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இவ்வளவையும் தொட்டியைத் தேய்த்தபடியேதான் சொன்னார். மகளின் முகம் தெரியாத இடமாகப் பார்த்துச் சொன்னார் என்று இளமதிக்குப் பிறகுதான் பட்டது.

ஊரில் மைத்துனர் குணசேகரன், பஸ் ஸ்டாப்பில் 'உலக விஞ்ஞானி' என்று அவர் படத்தோடு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்.

"மாமாகிட்ட எடுக்கச் சொன்னீங்களா?"

"போனேன். டீக்கடையில அத்தன பேரு. 'வாங்க மச்சான், ஒலக விஞ்ஞானி டவுன் பஸ்ஸுல வாராரு பாருங்கய்யா'ங்கிறான். ஒருத்தர், 'எங்க போர்ல எப்ப தண்ணி வரும்னு அந்த லிஸ்ட்டுல போட்டிருக்கா சார்?'னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன்."

அன்று மாலை இருவரும் மடிக்கணினி முன் உட்கார்ந்து அந்தக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். முடிவில் முந்திரி அடுப்பு மட்டும் மிஞ்சியது. வெளியாகிவிட்ட பட்டியலைத் திருத்தச் சொல்லி அதை வெளியிட்டவர்களுக்கும் எழுதிப் போட்டாள்.

"ஊருக்கு நான் போய்ச் சொல்லவாப்பா?"

"வேணாம். நீ சொன்னா, அப்பன் ஒளிஞ்சுக்கிட்டு மகள அனுப்புன மாதிரி ஆயிரும். ஞாயித்துக்கெழம நானே போறேன்."

வெள்ளிக்கிழமை வகுப்பில், பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கண்ணீர் அஞ்சலிப் பதாகையையும் குணசேகரன்தான் அடித்துவந்தார். அதே படம், அதே 'உலக விஞ்ஞானி'. இளமதி, அம்மா சொர்ணத்திடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

"ஒம் மாமன் அழுதுக்கிட்டே போய் அடிச்சிட்டு வந்தது. இப்பப் போயி அதச் சொல்லணுமா?" என்றாள் சொர்ணம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் பதாகையைப் படித்தார்கள். "ஒலகமே மதிச்ச மனுசன்மா ஒங்க அப்பா" என்றார்கள். இளமதி ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள். அவரிடம் படித்த பிள்ளைகள் மதித்த மனுசன் என்று சொல்லத்தான் நினைத்தாள். அவர்கள் பேச்சோடு சேர்ந்தால் அதுவும் இந்தப் பொய்க்கு ஒட்டுப்போடுவதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். கூசியது. அப்பாவை நினைத்தா, தன்னை நினைத்தா என்று பிரிக்க முடியவில்லை.

காரியம் முடிந்தது. தரவரிசைக்காரர்கள், பிழை அடுத்த பதிப்பில் திருத்தப்படும் என்று பதில் போட்டார்கள். வல்லத்திராக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் இப்போது இரண்டு ஃப்ளெக்ஸ்கள் தொங்குகின்றன. பட்டியலில் இருப்பது அவரில்லை என்று குணசேகரனிடம் இன்னும் யாரும் போய்ச் சொல்லவில்லை.