அம்மன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

"உனுக்கு சாமி கெடையாதுதானே, அண்ணாத்த?"

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. போனை எடுத்ததும் ஹலோ கூடச் சொல்லாமல் ஏழுமலை கேட்டது இதைத்தான்.

ஏழுமலை, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கடல் தொழில் செய்பவர். அவர் மனைவி மல்லிகா, செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறார். ஞாயிறுதோறும் அவரிடம்தான் எனக்கு மீன்... கூடவே கடவுளைப் பற்றி அரை மணி நேர விவாதமும். கடவுள் இல்லை என்பதற்கு நான் அடுக்குகிற ஆதாரங்களைச் செதில் உரித்துக்கொண்டே கேட்பார். கடைசியில், "சாமி இல்லன்ற வாய்க்கு வஞ்சிரம் மட்டும் கேக்குதா?" என்று பையைக் கையில் திணிப்பார். இதுவரை ஒரு ஞாயிறு கூட நான் ஜெயித்ததில்லை.

"கிடையாது. ஏன்?" என்றேன்.

"கன்பார்மா?"

கன்பார்ம்.

"அப்ப நாயித்துக்கெழம எங்க ஊர்க் கூட்டத்துக்கு வந்துரு. கோயில் விசயம்."

விஷயம் இதுதான். குப்பத்து அம்மன் கோயில் முன்பு ஊரின் மேற்குக் கோடியில், சாலையை ஒட்டி இருந்தது. கிழக்குப் பார்த்த அம்மன். எதிரே வீடுகள், வீடுகளைத் தாண்டிக் கடல் — ஒரே பார்வையில் இரண்டும். சாலையை அகலப்படுத்தியதில் அந்த இடம் போய்விட்டது. புதுக் கோயிலுக்குக் கிடைத்த இடம், வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே. இனி அம்மன் ஒன்று கடலைப் பார்க்கலாம், இல்லையென்றால் ஊரைப் பார்க்கலாம். யாராவது ஒருவருக்கு முதுகைக் காட்டித்தான் ஆகவேண்டும்.

கடலுக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் கடல் கட்சி. கரையில் இருக்கிற பெண்கள் எல்லோரும் ஊர்க் கட்சி. வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கொத்தனார் எப்படிக் கட்டுவார்? சுவர் இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டது. செய்து முடித்த சிலை, சிற்பக்கூடத்தில் வைக்கோலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. சிற்பியைக் கேட்டால், "ரெண்டு திசையும் சரிதான், ஊர் கூடி முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று நழுவிவிட்டார். போன ஆடியில் கூழ் ஊற்றவில்லை. இதோ, அடுத்த ஆடியும் வருகிறது.

ஏழுமலை வீட்டிலேயே இரண்டு கட்சியும் இருப்பதால், மல்லிகா அவரிடம் பேசி இரண்டு வாரம் ஆகிறதாம். தட்டைத் தரையில் வைக்கிற சத்தம்தான் ஒரே பேச்சுவார்த்தை.

சரி, இதில் நான் எதற்கு? கவுன்சிலரைக் கூப்பிட்டால் அவருக்கு ஓட்டுக் கவலை. பூசாரியைக் கூப்பிடலாம் என்றால் அவருடைய மச்சான் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார், கடல் கட்சி.

"உனுக்குத்தான் எந்த சாமியும் வாணாமே. நீதான் பொதுவான ஆளு" என்றார் ஏழுமலை.

முப்பது வருடம் நாத்திகம் பேசியதற்கு எனக்குக் கிடைத்த முதல் பதவி!

'கடவுள் இல்லை என்கிறவருக்கு ஆன்மிகப் பேச்சில் என்ன சார் வேலை?' என்று இந்தப் பத்தியின் வாசகர்கள் சிலர் அடிக்கடி கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நானும் ஒன்று கேட்கிறேன் — டீக்கடையில் கிரிக்கெட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோமே, நம்மில் எத்தனை பேர் மட்டையைப் பிடித்திருக்கிறோம்?

ஆனால் உண்மையான காரணம் அற்பமானது. ஜெயிக்கிற ஆசை. எதிராளி நம்புகிற ஒன்றை அவர் கண் முன்னாலேயே தட்டி விடுவதில் ஒரு சுகம்... அல்ப சுகம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறியபோதும் அதே நினைப்புதான். பாக்கெட்டில் ஒரு நாணயம் தயாராக வைத்திருந்தேன். 'கல்லுக்குக் கண் கிடையாது, எந்தப் பக்கம் வைத்தால் என்ன, டாஸ் போடுங்கள்' — இதுதான் என் தீர்ப்பு. கேட்டதும் ஊரே வாயடைத்துப் போகும் என்று பஸ்ஸிலேயே சிரித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வலை பின்னுகிற கூடத்தில் கூட்டம். ஆண்கள் உள்ளே, பெண்கள் வெளியே தூண் ஓரம். ஊர்த் தலைவர் என்னை அறிமுகப்படுத்தினார் — "இவருக்கு சாமி இல்ல, அதனால யாரும் சந்தேகப்பட வாணாம்." கடல் கட்சி முதலில் பேசியது. காற்றும் அலையும் அடிக்கிற இடத்தில் கிடப்பவர்கள் நாங்கள், அம்மன் எங்களைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்க்கும் என்றார்கள். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அப்போது தூண் பக்கத்திலிருந்து மல்லிகாவின் குரல்.

"கடலு உள்ள வந்துச்சே, அன்னிக்கி தொழிலுக்குப் போன ஆளுங்க நடுக்கடல்ல நல்லாத்தான் இருந்தாங்க. போட்டுக்கு அடியில அலை போனதே அவங்களுக்குத் தெரியல. வூட்ல இருந்த எங்களத்தான் வாரிகினு போச்சு. அம்மா யாரப் பாக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

கையில் இருந்த நாணயத்தை மெல்லப் பாக்கெட்டுக்குள் விட்டேன். இந்த அம்மாவிடம் போய் டாஸ் போடச் சொல்வதா?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. அவர் வீட்டைப் பார்த்தா உட்கார்கிறார், கேட்டைப் பார்த்துதானே என்றேன். எனக்கே என் புத்திசாலித்தனம் பிடித்திருந்தது.

"வாட்ச்மேனு தூங்குவான். சம்பளம் வாங்குவான். எங்கம்மா இன்னா வாட்ச்மேனா?" என்றார் மல்லிகா.

பெண்கள் பக்கம் சிரிப்பு. வழக்கம் போலத் தோல்வி. வேறு வழி தெரியாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்டேன். முப்பது வருடத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"ஏழுமலையோட போட்டு வர லேட்டானா, நீ எந்தப் பக்கம் பார்த்து நிப்பம்மா?"

மல்லிகா கொஞ்சம் யோசித்தார். "கடலத்தான்."

"அப்போ வீடும் பிள்ளைங்களும் உன் முதுகுக்குப் பின்னாலதானே இருக்கு? அதுங்கள வேணாம்னு விட்டுட்டியா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு வேகம் வந்துவிட்டது. அம்மன் உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கவில்லை, உங்களோடு சேர்ந்து வரிசையில் நிற்கிறாள்... தொழிலுக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்களா என்றும் பார்க்கிறாள், கடல் வருகிறதா என்றும் பார்க்கிறாள்... என்னென்னவோ பேசினேன். குரல் நடுங்கியது. கடல் கட்சியில் ஒருவர் பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தது தெளிவாகவே கேட்டது:

"இன்னாடா இது... சாமி இல்லன்ன ஆளுக்கு சாமி வந்துகீது."

கடைசியில் மல்லிகாதான் முடித்து வைத்தார். "கடலயே பாக்கட்டும். ஆனா பின்செவுத்துல, எங்க வூட்ட பாத்த மாதிரி ஒரு மாடம் வைக்கணும். வெளக்கு எரியணும். அத நாங்கதான் ஏத்துவோம், ஆம்பளைங்க யாரும் கை வைக்கக் கூடாது."

தலைவர் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு மல்லிகா புருஷன் பக்கம் திரும்பினார். "எழுந்து வா, சோறு ஆறுது."

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். அம்மன் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியாது. இல்லை, தெரியும் — பார்க்கவில்லை. ஆனால் 'எங்களை யார் பார்த்துக்கொள்வது?' என்று அந்தப் பெண்கள் கேட்டார்களே, அந்தக் கேள்வி நிஜம். சாமி பெயரில் மனிதர்கள் பேசுவது பெரும்பாலும் மனிதர்களைப் பற்றித்தான். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள நான் மனிதனாக இருந்தால் போதாதா?

இந்த வியாழக்கிழமை சிலையைப் பீடத்தில் நிறுத்தினார்கள். மறுபடியும் போன். பெண்கள் சொல்லி அரை விரல் ஊர்ப் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்று ஆண்களுக்குச் சந்தேகமாம். ஆண்கள் சொல்லிப் படகு நிற்கிற பக்கம் திருப்பிவிடுவார்கள் என்று பெண்களுக்கும். நேராக நிற்கிறதா என்று பார்க்கப் பொதுவான ஆள் வேண்டும்!

பேன்ட்டை மடித்துக்கொண்டு, வாசலுக்கு நேர் எதிரே முழங்கால் தண்ணீரில் நின்றேன். உள்ளே செயின் பிளாக்கின் சங்கிலியில் தொங்கியபடி அம்மன். லாரியை ரிவர்ஸ் எடுக்க உதவுகிற கிளீனர் மாதிரி கையை ஆட்டினேன்... லெப்ட்ல கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும்.

"சரியா கீதா சார்? உங்களப் பாக்குதா?" என்று உள்ளேயிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார்.

"பாக்குது, பாக்குது" என்று கத்தினேன். "என்னையேதான் பாக்குது!"

கரையில் இரண்டு கட்சியும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தது. மல்லிகா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"அண்ணாத்த, கும்பாபிசேகத்துக்கு முன்னாடிதான் சிற்பி வந்து கண்ணு தொறப்பாரு. இன்னும் கருமணியே செதுக்கல. அதுக்குள்ள உன்ன பாத்துடுச்சா?"

என்ன செய்வது... கண் திறக்கும் வரை பக்தர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் அவசரம்!