அலுமாரி நின்ற இடம்

எங்கள் மகள் தர்ஷினியைப் பெண் பார்க்க ஹல்துமுல்லையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். உட்கார இடம் வேண்டுமே என்று, பதுளையில் எங்கள் வீட்டு முன்னறையில் பல வருடங்களாக நின்ற அலுமாரியை நானும் கணவரும் உள்ளே தள்ளினோம். அதன் நான்கு கால்களும் கார்பெட்டில் குழி போட்டிருந்தன.

குழியில் ஐஸ் கட்டி வைத்தால் அமுங்கிய நார் எழும்பிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தாராளமாகவே வைத்தேன். சாமிப்பட விளக்குக்குப் போகும் வயர் யார் காலையும் தடுக்கக் கூடாதென்று, அதைக் கார்பெட்டுக்கு அடியில் விட்டதும் நான்தான். அது அப்போது நினைவுக்கே வரவில்லை.

ஐஸ் உருகியதும் தர்ஷினி வெறுங்காலோடு குனிந்து ஈரத்தைத் துணியால் ஒற்றினாள். “அம்மா!” என்று அலறிப் பின்னால் விழுந்தாள். நான் ஓடினேன்.

“அவளத் தொடாத! கார்பெட்ட மிதிக்காத!” என்று கத்தியபடி கணவர் மெயின் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தார். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் தானாகவே விழுந்திருந்தது. அது மட்டும் இல்லாவிட்டால்...

“கை மரத்துப் போச்சும்மா” என்று அவள் பேசிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கார்பெட்டைப் புரட்டினோம். அலுமாரிக் கால் அமுக்கிய இடத்தில் வயரின் தோல் பிளந்து செம்பு தெரிந்தது.

இப்போது வயர் சுவரோரமாகப் போகிறது. பாரமான சாமான்களின் கால்களுக்கு அடியில் அகலப் பலகை வைக்கிறேன். கார்பெட்டில் தண்ணீர் படும் முன் அதைத் தூக்கிப் பார்க்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று குழி இருந்த இடமே தெரியவில்லை. தேநீர்த் தட்டோடு வந்த தர்ஷினி மட்டும் அந்த இடத்தைச் சுற்றிப் போனாள்.