பெரியப்பா கொடுத்த புகார்

அந்தத் தெருவில் அவளிடம் கழுத்தை நீட்ட யாருக்கும் பயமில்லை. அப்பாவுக்குப் பிறகு முடிதிருத்தும் கடையை அவள் எடுத்து நடத்தத் தொடங்கியபோது, "பொம்பளை கையால சவரமா?" என்று முகத்தைச் சுளித்தவர்கள்தாம் இப்போது காலையிலேயே வந்து பெஞ்சில் இடம்பிடிக்கிறார்கள். சவரக்கத்திக்கு ஆண் கை, பெண் கை என்ற பேதமெல்லாம் தெரியாது. மனிதர்களுக்குத்தான் அது புரியத் தாமதமாகிறது.

பட்டப்பெயர் கத்திரி. முடியைப் போலவே பேச்சையும் நறுக்கென்று வெட்டுவாள்.

தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவர்கள் குடும்ப வழக்கப்படி மணப்பெண்ணுக்கு முன்னால் குடும்பத் தலைவர் நடப்பார். முழங்கால்வரை தொங்கும் அங்கி, அகலமான இடுப்புப் பட்டை, அதில் உறையோடு ஒரு கத்தி. அப்பா போனபின் வீட்டு வாடகையிலிருந்து தங்கையின் படிப்புவரை சுமந்தவள் கத்திரிதான். தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள்: "அக்கா முன்னால நடக்கலைன்னா நான் வாசலையே தாண்ட மாட்டேன்."

இத்தனை காலம் எட்டிக்கூடப் பார்க்காத பெரியப்பா, இதைக் கேட்டதும் ஓடி வந்தார்.

"ஆம்பளை நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ எதுக்குடி கத்தியைக் கட்டிக்கிட்டு அலையணும்? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் பெரியப்பா. கல்யாண வீட்டுல சிரிக்காம வேற எங்க சிரிக்கிறது?"

பெரியப்பா நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மறுநாள் இன்ஸ்பெக்டர் வழக்கம்போல் சவரத்துக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏம்மா, உங்க பெரியப்பா புகார் குடுத்திருக்காரு. பொது இடத்துல கத்தி வச்சிருந்தா குத்தம். பாரம்பரிய உடை போட்டவங்களுக்கு மட்டுந்தான் விலக்கு."

"நானும் அதைத்தான் சார் போடப்போறேன். தலையை ஆட்டாதீங்க."

"அது ஆம்பளை உடுப்பாச்சே."

"சட்டத்துல அப்படி எழுதியிருக்கா?"

"படிச்சுப் பார்க்கணும்."

"இப்ப உங்க தொண்டையில நிக்கிற கத்திக்கு நீங்க பயப்படலை. வெண்ணெயைக்கூட வெட்டாத எங்கப்பா கத்திக்குப் பயப்படுறீங்க."

"சிரிக்க வைக்காதம்மா, கீறிடப்போகுது." முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்றார். "விலக்கு இல்லைன்னா நடுத்தெருன்னும் பார்க்காம கத்தியை வாங்கிடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அன்று முழுக்க அவள் யாரோடும் வம்பளக்கவில்லை. அந்த இரும்புத் துண்டில் குடும்ப மானம் குடியிருக்கிறது என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால், உழைத்தவளை ஓரமாக நிறுத்திவிட்டு, ஆணாகப் பிறந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவர் முன்னால் நடப்பதா? அதை அவள் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? அப்பாவின் அங்கியைத் தையற்காரரிடம் கொடுத்துத் தன் அளவுக்குப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாண நாள். ஊர்வலம் தெருமுனையைத் தொட்டதும் ஜீப் குறுக்கே வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். அங்கியைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், உறையைத் தொட்டுப் பார்த்தார். தங்கை அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சுட்டேம்மா. உடை முழுசா பாரம்பரியமா இருக்கணும், கத்தி உறையில இருக்கணும், சடங்குக்குப் போகணும். ஆம்பளை, பொம்பளைன்னு ஒரு வார்த்தை கிடையாது. நீங்க நடங்க."

பெரியப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "என்ன சார் அநியாயம்? முன்னால நடக்கத்தான் நானே கத்தியோட வந்திருக்கேன்." புதுக் கோட்டை விலக்கி, பெல்ட்டில் செருகியிருந்த கத்தியைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் கத்தியையும் பார்த்தார், அவர் கழுத்தில் தொங்கிய சிவப்பு டையையும் பார்த்தார்.

"ஐயா, கோட்டு சூட்டுக்கு விலக்கு கிடையாது. அதை எடுத்துக் குடுங்க."

"வீட்டுக்குப் போய் உடுப்பை மாத்திட்டு வந்தா?"

"தாராளமா."

பெரியப்பாவின் கை தானாகத் தொந்திக்குப் போனது. அவருடைய அங்கி பட்டன் போட மறுத்துப் பல வருஷம் ஆகிறது. அது உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். முதலில் சிரித்தது மணப்பெண்தான்.

கத்திரி சிரிக்கவில்லை. "கத்தியை அவர்கிட்ட குடுத்துட்டு வாங்க பெரியப்பா, நேரமாச்சு. உங்க பொண்ணு மாதிரிதானே இவ, பக்கத்துல நடங்க."

"உனக்குப் பின்னாலயா?"

"எனக்குப் பின்னாலதான்."

அவர் பெல்ட்டிலிருந்த கத்தியை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு தங்கையின் பக்கத்தில் போய் நின்றார். கத்திரி திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினாள்.