பூசச் சொன்ன சுவர்

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ் செய்வார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். எனக்காக வாப்பா கட்டியது மண்கல் வீடு. செம்மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்திச் செய்த கல். சுவருக்குப் பூச்சும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். "இதெல்லாம் பணக்காரன் கட்டுற வீடு, கட்டுபடியாகாது" என்று முதலில் சொன்னது ஊர்தான். மற்ற வீட்டுக்கு ஆகிற செலவிலேயே வாப்பா முடித்துக் காட்டியதும் அதே வாய்கள், "காசு பத்தாம மண்ணுல கட்டிட்டாரு" என்றன. என்ன மனுசங்களோ!

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா சுவரை நகத்தால் சுரண்டினார்.

"பூசக்கூட இல்லையே? துபாய்லருந்து வர்ற எம்புள்ள இங்கனதான் படுக்கணுமா? மழைக்குக் கரைஞ்சுறாது?"

"கரையாது. இத அப்படியே விடணும். சிமெண்ட் பூசுனா உள்ள போன ஈரம் வெளிய வராது. நம்ம ஊரு உப்புக் காத்து வேற" என்றார் வாப்பா.

"பூசிட்டுச் சொல்லிவிடுங்க, தேதி வைப்போம்."

அவ்வளவுதான் பேச்சு. வாப்பா பூசினார். பட்டி பார்த்து, பளபளவென்று பெயிண்டும் அடித்தார். பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன செய்வார்?

இரண்டாவது மழைக்கே சுவர் ஊதிக்கொண்டது. உப்புப் பூத்து, பட்டி பெயர்ந்து சோற்றில் விழுந்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் சுரண்டுவதும் பூசுவதும்தான் பிழைப்பு. லீவில் வரும் என் வீட்டுக்காரர், வாப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே வருகிறவர்களிடம் சொல்வார்: "மண்வீடு மட்டும் கட்டிராதீங்க பாய், மராமத்துக்கே சம்பாதிக்கணும்."

"உங்க உம்மா பூசச் சொல்லித்தானே மச்சான் இப்படி ஆச்சு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

இப்போது தங்கச்சிக்கு வீடு கட்ட வேண்டும். போன வாரம் காண்ட்ராக்டர் வந்திருந்தார். "மண்கல்லுலயே கட்டுங்க வாப்பா, பூச மாட்டோம்னு முன்னாடியே சொல்லிருவோம்" என்று நான் கெஞ்சினேன். அவளும் அதைத்தான் கேட்டாள்.

வாப்பா காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "ஒருதடவை மண்ணுல கட்டிப் பாத்துட்டேன். சரிப்படல. கான்கிரீட்டே போடுங்க."

சுவரைக் கெடுத்தது எது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். தங்கச்சிக்கும் வீடு பார்க்க வருவார்களே.