மூடியில் எழுதிய எண்

நான்கு ஆண்டுகளுக்கு முன், கிள்ளானில் ஒரு சிறிய தனியார் பரிசோதனைக் கூடத்தில் நடந்தது இது. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலேறி அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

நோயாளியின் சிறுநீரை, கிருமி வளர்வதற்கான கூழ் ஊற்றிய கண்ணாடிப் பெட்ரி தட்டில் தடவி, இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் வைப்போம். கிருமி இருந்தால் மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். நோயாளியின் எண்ணைத் தட்டின் அடியில்தான் எழுத வேண்டும். மூடியில் எழுதினால், மூடி மாறும்போது ஆளே மாறிவிடுவார். இதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரிடமும் பெயர் வாங்கியவன் நான்.

அன்று அவசரத்தில் இரண்டு தட்டுகளுக்கு மூடியில் எழுதிவிட்டேன். மறுநாள் காலை இரண்டையும் ஒன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசிவிட்டு வந்து மூடினேன். ஒன்றில் கிருமி, மற்றொன்று சுத்தம். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் கிருமி இல்லை, ஒரு லோரி ஓட்டுநருக்கு உண்டு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மதியம் வீடு திரும்பும் ரயில் ஷா ஆலமைத் தாண்டியபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. எந்த மூடியை எதன்மேல் வைத்தேன்? எவ்வளவு யோசித்தும் என் கை செய்தது நினைவுக்கு வரவில்லை. சுபாங் ஜெயாவில் இறங்கி, கூடத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்ணை அழைத்து, தட்டுகளைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன்.

"அடியில ஒன்னுமே இல்லையே அங்கிள். மூடியிலயா எழுதுனீங்க? அடியில எழுது, அடியில எழுதுன்னு எங்க உயிரை வாங்குவீங்களே!" என்று சிரித்தாள்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலுக்கு அரை மணி நேரம் இருந்தது. உட்கார முடியவில்லை. கர்ப்பிணிக்குக் கிருமி இருந்து மருந்து கிடைக்காவிட்டால் அது சிறுநீரகம்வரை ஏறும். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. நின்றபடியே, இருவரையும் பரிசோதனைக்கு அனுப்பிய கிளினிக் டாக்டரை அழைத்து உண்மையைச் சொன்னேன்.

"நீங்களே இப்படிப் பண்ணா நான் யாரை நம்புறது?" என்றார். ஓட்டுநர் போனில் உடனே கிடைத்தார். அந்தக் கர்ப்பிணி போனை எடுக்கவில்லை. மறுநாள் காலைதான் கிடைத்தாள்.

புதிய சாம்பிள் கொடுக்கக் கூடத்துக்குக் காய்ச்சலோடு வந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். தப்பு என்னுடையது என்று சொல்ல, ரயிலில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், "சாம்பிள் சரியில்லைம்மா" என்றுதான் வாயில் வந்தது.

"சாரி அங்கிள், நான்தான் ஒழுங்கா புடிச்சிக் குடுக்கலை போல. உங்களுக்கு ரெண்டு வேலை வச்சிட்டேன்."

நான் தலையாட்டினேன். புதிய பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன்.

அன்றே அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவளுடைய புதிய தட்டில் கிருமி நெருக்கமாக வளர்ந்திருந்தது. காய்ச்சல் தணிய நான்கு நாள் ஆனது. பிறகு, மாதம் நிறைந்து பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததென்று டாக்டர் சொன்னார்.

வயதான கை தவறியதென்று மூடி விஷயத்தில் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடிகிறது. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவள் கேட்க, அதற்குத் தலையாட்டிவிட்டு நின்றேனே, அதற்குச் சமாதானம் இன்றுவரை கிடைக்கவில்லை.