ஏழாம் தொட்டிப் பாசி

புருஷன் மோரிஹிதே பம்பு அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்த நான்காம் நாளே யாயேகோ அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினாள். கல்நெஞ்சுக்காரி என்று கொட்டகைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நானும்தான் பேசினேன், பொய் எதற்கு?

திராட்சைக் கொத்துபோல மணிமணியாக வளரும், பச்சையாகவே தின்னும் கடல் திராட்சைப் பாசி வளர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. மொத்தம் பதினொரு தொட்டி. பத்தில் இருப்பது விலைக்கு வாங்கியது. ஏழாம் தொட்டியில் மட்டும் மோரிஹிதே தன் அம்மா ஊர்க் கடலில் மூழ்கி எடுத்துவந்து பெருக்கிய பாசி. மணி சிறியது, வாயில் போட்டால் படபடவென்று வெடிக்கும். நஹா நகரத்து ஹோட்டல்காரர்கள் 'மோரிஹிதே பாசி' என்றே கேட்பார்கள்.

அந்தத் தொட்டியில்தான் நத்தை விழுந்தது. ஓடில்லாத கடல் நத்தை, நகத்தளவு, பாசியின் அதே பச்சை. மென்று தின்னாது, பாசியின் தோலில் ஓட்டை போட்டு உள்ளே இருக்கும் பச்சையை உறிஞ்சிவிடும். தண்டு வெளுத்துத் தொங்கினால்தான் வந்துபோனது தெரியும். அக்கா விரலால் தடவித் தடவிப் பிடித்தாள். நல்ல தண்ணீரில் போட்டால் உடனே செத்துவிடும். அவளோ கண்ணாடி ஜாடியில் கடல்நீர் ஊற்றி, அதில் போட்டு ஜன்னலில் வைத்தாள்.

"பட்டினி கிடந்து சாகட்டும்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அவை சாகவில்லை. உறிஞ்சிய பச்சையை உடம்பிலேயே வைத்துக்கொண்டு, இலை மாதிரி வெயிலிலேயே உணவு பண்ணி நாளைக் கடத்தின. அக்காவின் சோற்று உருண்டையும் தினமும் பிரிக்காமலே வீடு திரும்பியது.

"சாப்பிடாம யாரு ரொம்ப நாள் இருக்கறதுன்னு உனக்கும் இதுங்களுக்கும் பந்தயமாக்கா?" என்றேன்.

"பசிக்கல தோமி."

முதலாளி தெங்கான் வந்து தொட்டியைப் பார்த்தார். "சனிக்கிழமைக்குள்ள சுத்தமாகணும். இல்லன்னா காலி பண்ணிடுவேன். மத்த பத்தையும் நான் பறிகொடுக்க முடியாது."

ஐந்து நாள் அவள் தொட்டியை விட்டு ஏறவில்லை. விரல் தோல் உரிந்தது. சனிக்கிழமை தெங்கான் கைவிட்டு எடுத்த முதல் தண்டிலேயே ஒரு நத்தை ஒட்டியிருந்தது.

"ஒரு தண்டாவது எடுத்து வெச்சுக்கட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"முட்டை ஒட்டியிருக்கும்மா. கூடாது."

அடைப்பை அவளே பிடுங்கினாள். பாசி முழுவதும் சுண்ணாம்புக் குழிக்குப் போனது. அப்போதும் அழவில்லை.

திங்கட்கிழமை பார்த்தால், நிழலில் இருந்த ஜாடியை வெயில் விழும் இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே ஆறேழு நத்தைகள், ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தன. சரி, பாவம் பார்க்கிறாள் என்று நினைத்து, மூன்றாம் தொட்டியிலிருந்து ஒரு கொத்துப் பாசியைக் கிள்ளிக்கொண்டு போனேன்.

"போடுக்கா, பொழைச்சுக்கும்."

அவள் உள்ளங்கையால் ஜாடியின் வாயை மூடினாள்.

"வேணாம். அவரு பாசி இதுங்க உடம்புல மட்டும்தான் இருக்கு. வேற எதையும் கலக்காத."

நான் கொத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவள் ஜாடியை இன்னும் கொஞ்சம் வெயிலுக்குத் திருப்பிவைத்துவிட்டு மூன்றாம் தொட்டியில் இறங்கினாள்.