ஓனரம்மா எடுத்த போட்டோக்கள்

திருப்பதியில் நாங்கள் குடிபோன முதல் வீட்டில், எங்களுக்கு முன்னால் ஒரு வருடமாக யாரும் இருக்கவில்லை. அதனால்தான் அது எங்கள் கைக்கு எட்டியது. ஓனர் குடும்பம் மாடியில் இருந்தது. கீழே இரண்டு அறைகள் எங்களுக்கு. சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிரும். சாவியைக் கொடுக்கும்போதே ஓனரம்மா சொல்லிவிட்டார்.

"இருக்கறது இப்டித்தாம்மா. அப்பறம் ரிப்பேரு கிப்பேருன்னு வந்து என்னைக் கேக்கக் கூடாது."

அம்மா தலையாட்டினாள். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊரை விட்டு வந்திருந்த எங்களுக்குக் கேட்கிற பழக்கமும் இல்லை.

நைனாவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் லோடிங் வேலை. விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவார். அம்மா ஜன்னல் திரை விற்கும் கடையில் தைத்தாள். ஜன்னல் அளவெடுக்கப் போகும்போது சில நாள் அம்மாவையும் கூட்டிப் போவார்கள். பெரிய பெரிய வீடுகளுக்குள் போய்விட்டு வந்து, இரவு சோறு போட்டபடியே அந்த வீடுகளை எங்களுக்குச் சொல்லுவாள். எந்த மூலையில் விளக்கு, எந்தச் சுவரில் என்ன நிறம், செடியை எங்கே வைத்திருந்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுவாள். நைனா சிரிப்பார்.

"பாத்துட்டு வந்து இன்னா பண்ணப்போற? நம்மகிட்ட காசு கீதா?"

"காசுதான் இல்ல. கண்ணு கீதில்ல?" என்பாள் அம்மா.

எங்கள் வீட்டில் முதலில் சுவரைக் கவனித்தாள். மாடியிலிருந்து வரும் கழிவுநீர்க் குழாய் உடைந்து, சுவருக்குள்ளேயே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நைனா ஒரு லீவு நாளில் துண்டுக் குழாய் வாங்கி வந்து மாற்றினார். இரண்டு மாதத்தில் சுவர் காய்ந்தது. அம்மா அதைச் சுரண்டிப் பட்டி பூசினாள். அவள் போகும் வீடுகளில் பெயிண்ட் அடிப்பவர்கள், டப்பாக்களின் அடியில் தங்கியதைக் கொடுத்தார்கள். பச்சையில் கொஞ்சம், வெள்ளையில் கொஞ்சம், என்னவென்று தெரியாத சாம்பல் நிறத்தில் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கலக்கினாள். அந்த நிறத்துக்குப் பேர் கிடையாது. மழை வருவதற்கு முன் திருமலை மலை தெரியுமே, ஏறக்குறைய அப்படி இருந்தது.

கடையில் பழசாகிப்போன சாம்பிள் துணிப் புத்தகங்களைத் தூக்கிப் போடுவார்கள். அம்மா அவற்றைப் பிரித்து, சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்டு மெத்தை உறை தைத்தாள். மீந்த துண்டுகளை இணைத்து ஜன்னல்களுக்குத் திரை போட்டாள். இணைப்பு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனியில் கழித்துப் போட்ட சரக்குப் பலகைகளை நைனா கேட்டு வாங்கி வந்தார். அவை அலமாரியாயின, பெஞ்சாயின. தக்காளி வந்த மூங்கில் கூடையைக் கவிழ்த்து பல்பின் மேல் மாட்டினாள் அம்மா. சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டால் சுவரெல்லாம் கோடு கோடாக நிழல் விழும். நான் அதன் நடுவில் நின்று என் கையில் கோடுகள் ஓடுவதைப் பார்ப்பேன். அப்போது நான் நாலாம் வகுப்பு. அதைவிட அழகான வீடு உலகத்தில் இருக்க முடியாது என்று நம்பினேன். இன்றும் கொஞ்சம் நம்புகிறேன்.

ஒரு நாள் ஓனரம்மா கீழே வந்தார். வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பா! இது நம்ம வீடா? சால பாகுந்தி! ரொம்ப நல்லா கீது!"

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. காப்பி போடப் போனாள். நான் ஓனரம்மாவின் கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டினேன். குழாய் எங்கே உடைந்திருந்தது, நிறத்தை எப்படிக் கலந்தோம், கூடை எங்கிருந்து வந்தது என்று எல்லாமே சொன்னேன். அவர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். நான் ஒவ்வொரு படத்திலும் போய் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு. ஆளுங்க இல்லாம இருந்தாத்தான் வீடு நல்லா தெரியும்."

தள்ளி நின்றேன்.

அடுத்த வாரம், நான் ஸ்கூல் விட்டு வந்து தனியாக இருந்தபோது ஒரு புருஷனும் பெண்சாதியும் கதவைத் தட்டினார்கள். அந்த அக்கா போனை நீட்டி, இதுதானே இந்த வீடு என்று தெலுங்கில் கேட்டாள். போனில் எங்கள் ஜன்னல் திரை! எங்கள் கூடை விளக்கு! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் வீடு போனில் வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். பகலாயிருந்தும் ஜன்னலை மூடி விளக்கைப் போட்டு நிழல் காட்டினேன். அந்த அண்ணன் குழாயைத் திறந்து பார்த்தார். அந்த அக்கா மெத்தை உறையைத் தடவியபடி யார் செய்தது என்று கேட்டாள். எங்கள் அம்மா என்றேன். அவள் முகம் ஏனோ மாறியது. நீங்கள் எப்போது காலி செய்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். காலி செய்வது என்பது எங்களைப் பற்றிய பேச்சு என்றே எனக்குத் தோன்றவில்லை. தெரியாது, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றேன்.

அம்மா வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"போட்டோ காட்டுனாங்களா? நம்ம வீட்டு போட்டோவா?"

"ஆமாம்மா. சூப்பரா கீது. நான் ஒண்ணுத்துலயும் இல்ல."

நைனா வேலையிலிருந்து வந்ததும் இருவரும் மாடிக்குப் போனார்கள். நான் பாதிப் படியில் நின்று கேட்டேன்.

"தப்பா நெனைக்காதம்மா" என்றார் ஓனரம்மா. "இப்ப இந்த வீட்டுக்கு ரெண்டு மடங்கு வாடகை குடுக்க ஆளுங்க வந்துகினு கீறாங்க. அதை நீ குடுத்தா நீயே இரு. நானா வேணாங்கறேன்?"

"பைப்பை மாத்துனது நான்" என்றார் நைனா. "செவுரு காஞ்சதே அதுக்கப்பறந்தான்."

"உன்னை நான் மாத்தச் சொன்னேனா?"

நைனா சத்தம் போட ஆரம்பித்தார். அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே ஓனரம்மாவின் குரல் வந்தது.

"அந்தப் பலகை எல்லாம் கழட்டாதம்மா. ஆணி புடுங்குனா செவுரு போய்டும். அப்பறம் அட்வான்ஸுல புடிக்க வேண்டியதா இருக்கும்."

காலி செய்தபோது பலகைகளை விட்டுவிட்டோம். கூடையை நைனா கழற்றினார், வாசலுக்குக் கொண்டுபோய் மிதித்தார். அது லேசில் உடையவில்லை. திரைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று நான் அழுதேன். அம்மா அவற்றைத் தொடவே இல்லை.

"போற எடத்துல ஜன்னலே இல்லடி" என்றாள்.

போன இடம் பாகாலா போகிற ரோட்டில், சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அதன் சுவரும் உதிர்ந்தது. அம்மா இதையும் சரி செய்துவிடுவாள், கொஞ்ச நாள் ஆகும் என்று காத்திருந்தேன். மாதங்கள் போயின. ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. கடையிலிருந்து துண்டுத் துணி கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டாள். சாப்பிடும்போது பார்த்த வீடுகளைச் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

கடைசியில் நானே ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன். ஊரிலிருந்து வந்த மாமா கொடுத்த காசில் ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் வாங்கி, வாசலுக்கு எதிர்ச் சுவரில், உள்ளே வந்ததும் கண்ணில் படும்படி ஒட்டினேன். நீலமும் மஞ்சளுமாக அது மட்டும் அந்த அறையில் பளிச்சென்று இருந்தது.

அம்மா வந்தாள். பார்த்தாள். தோளில் பை இருக்கும்போதே நகத்தால் அதைச் சுரண்ட ஆரம்பித்தாள். ஓரம் கிளம்பவில்லை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அதன் முனையால் பெயர்த்தாள். நான் தடுக்கப் போனேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை.

"செவுத்துல எதையும் ஒட்டாத. எப்டி கீதோ அப்டியே கெடக்கட்டும்."

பசையை ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்த இடம் மட்டும் சுத்தமாகத் தனியே தெரிந்தது. பிறகு அடுப்படியிலிருந்து கரித்துணியை எடுத்து வந்து, மற்ற இடத்தைப் போல ஆகிறவரை அதன் மேல் தேய்த்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். எங்கள் அம்மாவுக்கு அழகாக இருந்தாலே பிடிக்காது என்று சொன்னேன்.